டெக்சாஸில் வீட்டுச் சொத்து வரி: வீட்டுக்காரர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

டெக்சாஸில் வீடு வாங்கியவர்களில் பலர் சொத்து வரியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது, அக்டோபரிலோ நவம்பரிலோ பில் கைக்கு வந்த பிறகுதான். அந்த நேரத்தில் கட்டுவதைத் தவிரச் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. தொகையைக் குறைக்கும் வேலை எல்லாம் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி மாத வரிசையில் போகிறது. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு; இங்கே சொல்வது டெக்சாஸுக்கு மட்டும் பொருந்தும்.

1. எந்த அலுவலகம் எதைச் செய்கிறது

‘கவுண்டி வரி’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பில்லில் கவுண்டியின் பங்கு பெரும்பாலும் சிறியது. பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஐ.எஸ்.டி.க்குப் போகிறது. பிறகு நகராட்சி, கவுண்டி, கம்யூனிட்டி காலேஜ், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம். புதிய குடியிருப்புகளில் இவற்றோடு ‘மட்’ எனப்படும் முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்டும் சேரும். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு வாங்கிய கடனை அந்த மட் வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கிறது.

வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பதும் விலக்கு கொடுப்பதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். வரி விகிதத்தை நிர்ணயிப்பது மேலே சொன்ன பள்ளி, நகரம், கவுண்டி போன்ற அமைப்புகள். பணம் வாங்குவது கவுண்டியின் டாக்ஸ் அசெசர்-கலெக்டர் அலுவலகம். பெயரில் ‘அசெசர்’ இருந்தாலும் அந்த அலுவலகம் உங்கள் வீட்டை மதிப்பிடுவதில்லை. மதிப்பு அதிகம் என்று அங்கே போய் வரிசையில் நிற்பவர்களை வெறுங்கையோடுதான் அனுப்புவார்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் முகவரியைப் போட்டுத் தேடி, சொத்தின் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிஸ்கோ போன்ற ஊர்கள் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கின்றன. ஊர்ப் பெயரை வைத்துக் கவுண்டியை முடிவுசெய்தால் தவறான அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்விடும்.

வீட்டை வாங்கி முடிக்கும் கிளோசிங்கில் கொடுத்த செட்டில்மென்ட் தாள்கள், சர்வே வரைபடம், வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை ஆகிய மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். சர்வேயும் இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையும் பின்னால் வீட்டு மதிப்பை எதிர்த்து முறையிடும் ‘புரோடெஸ்ட்’டில் ஆதாரமாகும்.

முக்கியமாக, ஓட்டுநர் உரிமத்திலோ டெக்சாஸ் அடையாள அட்டையிலோ புதிய வீட்டின் முகவரி இருக்க வேண்டும். இதை முதலில் மாற்றாமல் விலக்குக்கு விண்ணப்பித்தால், நிராகரிப்பதற்கான காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். முகவரியை ஆன்லைனில் மாற்றிவிட்டு, புதிய அட்டையின் நகலோடு விண்ணப்பியுங்கள்.

3. ஹோம்ஸ்டெட் விலக்கு: முதல் வேலை இதுதான்

நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளி வரியில் 140,000 டாலர் மதிப்பு கழிக்கப்படுகிறது. முன்பு 100,000 ஆக இருந்ததை 2025 நவம்பரில் வாக்காளர்கள் உயர்த்தினார்கள். 2025 வரி ஆண்டிலிருந்தே அது நடைமுறைக்கு வந்தது. நகரமும் கவுண்டியும் விரும்பினால் மதிப்பில் 20 சதவீதம் வரை கூடுதலாக விலக்கலாம். எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எவ்வளவு மிச்சமாகும் என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு 500,000 டாலர். 100 டாலர் மதிப்புக்குப் பள்ளி வரி 1.05, நகரம் 0.45, கவுண்டி 0.15, காலேஜ் 0.08 என்று வைத்துக்கொள்வோம். விலக்கு இல்லாவிட்டால் மொத்த வரி 8,650 டாலர். பள்ளி வரியில் மட்டும் விலக்கு கிடைத்தால் 7,180. ஒரே ஒரு படிவத்துக்கு ஆண்டுதோறும் 1,470 டாலர்.

படிவத்தின் எண் 50-114. பெரும்பாலான மாவட்டங்களில் ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் கிடையாது. வீடு வாங்கிய சில வாரங்களில், அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் ‘ஹோம்ஸ்டெட் பதிவுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று தபால் வரும். அவை தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள், குப்பையில் போடுங்கள்.

வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30. ஆனால் ஆண்டின் நடுவில் வாங்கிக் குடிபோனால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த ஆண்டில் முந்தைய உரிமையாளர் அதே வீட்டுக்கு இந்த விலக்கு வாங்கியிருக்காவிட்டால், நீங்கள் குடியேறிய நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். பில்டரிடம் வாங்கிய புதிய வீடுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பழைய ஆண்டுகளுக்குப் போட மறந்தவர்களுக்கும் வழி இருக்கிறது: வரி தவணை தவறியதாகும் நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை தாமதமாக விண்ணப்பித்து, கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இந்த விலக்குக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. எச்1பி விசாவில் இருப்பவர்களும் சொந்த வீட்டில் குடியிருந்தால் தகுதியுள்ளவர்களே. ‘கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான டாலர்களை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அது தேவையே இல்லாத இழப்பு.

பெற்றோர் உடன் வசிக்கிறார்கள், அவர்களுக்கு 65 வயதுக்கு மேல், ஆகவே மூத்தோர் விலக்கு கிடைக்குமா என்று கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லாவிட்டால் கிடைக்காது. உரிமையாளரே 65 வயதைத் தொட்டால் பள்ளி வரியில் இன்னொரு 60,000 டாலர் கழியும். பள்ளி வரித் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு பூட்டப்படும்.

ஒருமுறை கொடுத்த விலக்கு தொடரும். ஆனால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. அதற்காக வரும் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் விலக்கு போய்விடலாம். விளம்பரக் குப்பையோடு அதையும் சேர்த்துக் கிழித்துப்போடுபவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

4. பதிவேட்டில் உங்கள் வீடு சரியாக இருக்கிறதா

வீட்டின் மதிப்பைச் சொல்லும் நோட்டீஸ் வரும் முன்பே, பிப்ரவரி மார்ச்சில், இணையதளத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குளிர்சாதனம் செய்த பரப்பளவு, குளியலறை எண்ணிக்கை, நீச்சல் குளம், மூடிய பேட்டியோ, கட்டிய ஆண்டு, கட்டுமானத் தர வகுப்பு ஆகியவற்றைச் சர்வே, பில்டர் வரைபடம் இவற்றோடு ஒப்பிடுங்கள். மாடியில் கூரை உயரமாகத் திறந்திருக்கும் இடத்தையும் அறையாகக் கணக்கிட்டிருந்தால் பரப்பளவு நூற்றுக்கணக்கான சதுர அடி கூடிவிடும்.

இப்படிப்பட்ட பிழை வாதம் செய்யாமலேயே திருத்தப்படும். மதிப்பைப் பற்றிய கருத்து வேறுபாடு அல்ல, பதிவுப் பிழை என்பதுதான் காரணம். அவகாசம் தவறிப்போனாலும் எழுத்துப் பிழை, இரட்டைப் பதிவு, இல்லாத சொத்து போன்றவற்றுக்கு வரிச் சட்டத்தின் 25.25 பிரிவில் முந்தைய ஐந்து ஆண்டுகள் வரை திருத்தம் கேட்க இடமுண்டு.

5. நோட்டீஸைப் படிப்பது: இரண்டு எண்கள்

ஏப்ரலில் மதிப்பு நோட்டீஸ் வரத் தொடங்கும். அதில் இரண்டு மதிப்புகள் இருக்கும். ஒன்று சந்தை மதிப்பு, அதாவது ஜனவரி 1 அன்று வீடு என்ன விலைக்குப் போகும் என்ற அவர்களின் கணிப்பு. இன்னொன்று மதிப்பிட்ட மதிப்பு. வரி இதன்மேல்தான்.

ஹோம்ஸ்டெட் உள்ள வீட்டுக்கு இந்த இரண்டாவது எண் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. இந்த வரம்பு, விலக்கு பெற்ற முதல் ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்துதான் தொடங்கும். புதிதாகக் கட்டிச் சேர்த்த பகுதிகள் வரம்புக்குள் வராது.

புரோடெஸ்ட் செய்பவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். சென்ற ஆண்டு மதிப்பிட்ட மதிப்பு 500,000. இந்த ஆண்டு சந்தை மதிப்பு 600,000 என்று நோட்டீஸ் சொல்கிறது. வரம்பின்படி 550,000க்குத்தான் வரி. நீங்கள் போராடிச் சந்தை மதிப்பை 565,000 ஆகக் குறைத்தாலும் இந்த ஆண்டு வரியில் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. 550,000க்குக் கீழே கொண்டுவந்தால் மட்டுமே பலன். ஆகவே உங்கள் இலக்கு எந்த எண் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அங்கே கொண்டுபோகும் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற ஆண்டைவிட மதிப்பு உயராவிட்டால் நோட்டீஸ் வராமலும் இருக்கலாம். வராவிட்டாலும் புரோடெஸ்ட் உரிமை உண்டு. தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. புரோடெஸ்ட் பதிவு செய்வது

கடைசி நாள் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. உங்கள் நோட்டீஸிலேயே தேதி அச்சிட்டிருக்கும். படிவம் 50-132, அல்லது தளத்திலேயே ஆன்லைன் பதிவு. ஆதாரம் தயாராகவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பதிவு இப்போது, ஆதாரம் பிறகு.

காரணங்களில் இரண்டு பெட்டிகளைத் தவறாமல் டிக் செய்யுங்கள். ஒன்று, சந்தை மதிப்பு தவறு. மற்றது, இதே போன்ற பிற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லாத மதிப்பீடு. ஒன்றை மட்டும் டிக் செய்தால் விசாரணையில் மற்றதைப் பேச விடமாட்டார்கள். உங்கள் வீட்டின் விற்பனை விலை நியாயமாகவே இருந்தாலும், அண்டை வீடுகளை அவர்கள் குறைவாக மதிப்பிட்டிருந்தால் இரண்டாவது காரணத்தில் ஜெயிக்கலாம்.

புரோடெஸ்ட் செய்தால் கோபித்துக்கொண்டு மதிப்பை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பதிவேட்டில் காட்டிய மதிப்பைவிட அதிகமாக விசாரணைக் குழு தீர்ப்புச் சொல்ல முடியாது என்று சட்டமே இருக்கிறது. பயமில்லாமல் போடுங்கள்.

பதிவு செய்யும்போதே, அவர்கள் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்போகும் ஆதாரத்தின் நகலையும் கேளுங்கள். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு அதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டில் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒப்பீட்டு வீடுகள் இருக்கும். பல சமயங்களில் உங்கள் சிறந்த வாதம் அதற்குள்ளேயே கிடைக்கும்.

7. ஆதாரம் சேர்ப்பது

எல்லா ஆதாரமும் ஜனவரி 1 நிலவரத்தைப் பேச வேண்டும். ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் கூரை சேதமானது இந்த ஆண்டு மதிப்புக்கு உதவாது.

விற்பனை விலைகள்: டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. அதனால் பொதுத் தளங்களில் தெரியும் விலைகளை நம்ப முடியாது. வீடு வாங்கித் தந்த ரியல்டரிடம், ஜனவரி 1க்கு முந்தைய மாதங்களில் உங்கள் குடியிருப்பிலேயே விற்ற, ஏறக்குறைய அதே பரப்பளவுள்ள வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து போதும். உங்கள் வீட்டையே அண்மையில் அவர்களின் மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால், கிளோசிங் தாளைவிட வலுவான சான்று கிடையாது. அதிகம் கொடுத்து வாங்கியிருந்தால் அதைக் காட்டும் கடமை உங்களுக்கு இல்லை.

சமமின்மை: தளத்தில் உங்கள் குடியிருப்புக் குறியீட்டில் உள்ள அதே பில்டர், அதே ஆண்டு, ஒத்த பரப்பளவு வீடுகளை எடுத்து, மதிப்பைச் சதுர அடியால் வகுத்து அட்டவணை போடுங்கள். சந்தை மதிப்பு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 10 சதவீத வரம்புக்குட்பட்ட எண்ணை எடுத்தால் அந்த அட்டவணையை உடனே தள்ளிவிடுவார்கள். நீச்சல் குளம், மனையளவு வேறுபாடுகளுக்குக் கூட்டிக் கழித்து, கிடைக்கும் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, அதாவது நடு எண்ணைக் கேளுங்கள். சட்டம் பேசுவது சராசரியை அல்ல, நடு எண்ணை.

குறைகள்: டெக்சாஸின் பல பகுதிகளில் களிமண் நிலம் வெயிலில் சுருங்கி மழையில் விரிவதால் அஸ்திவாரம் அசையும். சுவர் விரிசல், மூடாத கதவு ஆகியவற்றின் படத்தோடு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீட்டையும் வையுங்கள். படம் மட்டும் காட்டினால் எத்தனை டாலர் குறைப்பது என்று குழுவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நெடுஞ்சாலையோ உயர்மின் கம்பியோ இருந்தால் வரைபடத்தோடு சேருங்கள்.

8. பேச்சும் விசாரணையும்

முதலில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலரோடு முறைசாராப் பேச்சு நடக்கும். இப்போது பல இடங்களில் ஆன்லைனிலேயே ஒரு தொகையைச் சொல்லி ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். ஏற்றுக்கொண்டால் அது முடிவான ஒப்பந்தம், பிறகு மேலே போக முடியாது. உங்கள் இலக்கு எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல வீட்டுக்காரர்களின் வேலை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

ஒத்துவராவிட்டால் அப்ரைசல் ரிவ்யூ போர்டு விசாரணை. குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர்க் குடிமக்கள். கிடைப்பது சில நிமிடங்கள்தான். நீங்கள் கேட்கும் எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிறகு மிக வலுவான ஓர் ஆதாரம், அதன் பிறகே மற்றவை. வரி கட்ட முடியவில்லை, ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றிவிட்டார்கள், சம்பளம் உயரவில்லை என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும் அந்தக் குழுவுக்கு அதில் அதிகாரம் இல்லை. பேசும் நேரம்தான் வீணாகும்.

நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசியில் கலந்துகொள்ளலாம், அல்லது உறுதிமொழிப் படிவம் 50-283ஐ ஆதாரத்தோடு அனுப்பலாம். ஏஜென்ட் இல்லாதவர்கள் காரணம் சொல்லாமலேயே ஒருமுறை தள்ளிவைக்கக் கேட்கலாம். கேட்பது விசாரணைக்கு முன்பாக இருக்க வேண்டும். சொல்லாமல் போகாதிருந்தால் மேல்முறையீட்டு உரிமையும் சேர்ந்து போகும்.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் நடுவர் தீர்வுக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகலாம். சாதாரண வீட்டுக்கு நடுவர் தீர்வே ஏற்றது. சில நூறு டாலர் முன்பணம் கட்ட வேண்டும். முடிவு உங்கள் எண்ணுக்கு அருகில் வந்தால் சிறு கட்டணம் போக மீதி திரும்பும்.

9. பில், கட்டணம், எஸ்க்ரோ

ஆகஸ்ட், செப்டம்பரில் வரி விகிதங்கள் முடிவாகும். அதன் பிறகு வரும் பில்லுக்கு ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி 1 முதல் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம், மார்ச்சில் 9, ஏப்ரலில் 11, மே மாதம் 13, ஜூனில் 15, ஜூலையில் 18. ஜூலையிலிருந்து வக்கீல் வசூல் கட்டணமாக 20 சதவீதம் வரை மேலும் சேரலாம். பில் வரவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. தபாலில் அனுப்பினால் முத்திரை எந்தத் தேதியில் விழுகிறது என்பதே கணக்கு. கடைசி வாரத்தில் ஆன்லைனில் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவதே பாதுகாப்பு. கிரெடிட் கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வரிக்காக மாதத் தவணையோடு வாங்கிச் சேர்த்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து கடன் நிறுவனமே கட்டுவதாக இருந்தாலும், டிசம்பர் கடைசியில் வரி அலுவலகத் தளத்தில் பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். அந்த ஆண்டில் கடன் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தாலோ மறுகடன் எடுத்திருந்தாலோ இதை விடவே கூடாது.

புதிய வீடு வாங்கியவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் விழும் அடி இந்த எஸ்க்ரோ வழியாகத்தான் வருகிறது. ஜனவரி 1 அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டும். 110,000 டாலர் மனைக்கு மேலே சொன்ன விகிதத்தில் 1,903 டாலர், மாதம் 159. அதை வைத்து எஸ்க்ரோ கணக்கிட்டால், அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கு 7,180 வரும்போது 5,277 டாலர் பற்றாக்குறை. அதை 12 மாதத்தில் பரப்பி, புதிய மாத வரி 598ஐயும் சேர்த்தால் மாதம் 1,038 ஆகிறது. திடீரென்று மாதத்துக்கு 879 டாலர் கூடுதல். மட் பகுதியானால் இன்னும் அதிகம். கிளோசிங்குக்கு முன்பே கடன் நிறுவனத்திடம் முழு வீட்டு மதிப்பில் எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள். மறுத்தால் வித்தியாசத்தை மாதாமாதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கும் இதே போன்ற பொறி உண்டு. விற்பவர் நீண்ட காலம் குடியிருந்து 10 சதவீத வரம்பும் மூத்தோர் உச்சவரம்பும் பெற்றிருந்தால் அவருடைய பில் மிகக் குறைவாக இருக்கும். அடுத்த ஜனவரி 1 அன்று அது எல்லாம் நீங்கி முழுச் சந்தை மதிப்புக்கு வந்துவிடும். விளம்பரத்தில் காட்டும் பழைய வரித் தொகையை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். சந்தை மதிப்பை மொத்த விகிதத்தால் பெருக்கி நீங்களே கணக்கிடுங்கள்.

10. வீட்டை விட்டுப் போகும்போது

வேலைக்காக வேறு மாநிலத்துக்கோ இந்தியாவுக்கோ போய், வீட்டை வாடகைக்கு விட்டால் அது உங்கள் குடியிருப்பு அல்ல. தகுதி முடிந்ததை அடுத்த மே 1க்குள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விலக்கை அனுபவித்தது கண்டுபிடிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய்க் கழித்த வரியை வசூலிக்க முடியும். திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறெங்கும் நிரந்தர வீடு அமைக்காமல், இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டம் விதிவிலக்கு தருகிறது.

வாடகை வீடாக மாறினால் 10 சதவீத வரம்பு போய்விடும். அதற்குப் பதிலாகச் சுமார் 50 லட்சம் டாலருக்குக் கீழான சொத்துகளுக்கு 2024 முதல் 2026 வரை மட்டும் 20 சதவீத வரம்பு இருக்கிறது. வாடகையை நிர்ணயிக்கும் முன் இந்தப் புதிய வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு அதை வாடகைக்காரரிடம் கேட்க முடியாது.